கடைசியாக வெளியேறுபவர்

“பாம்பு. வாலுல பூஜ்யம், தலையில பெரிய T. உள்ளே சாஞ்ச p, தொப்பி போட்டது. அப்புறம் தலைகீழ் முக்கோணம்.”

கட்டில் சட்டத்தில் அத்தையின் விரல் ஒருமுறை தட்டியது. சரி, மேலே போ என்று பொருள். அவள் மடிக்கணினியை முழங்காலில் சற்று உயர்த்தி வைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போனாள்.

அத்தை என்று அவள் கூப்பிட்டது கணவனின் அம்மாவை. கல்லூரியில் பயன்பாட்டுக் கணிதம் நடத்தி ஓய்வு பெற்றவர். அதன் பிறகும் விடாமல் எழுதிய ஒரு கட்டுரை எங்கெங்கோ போய்த் திரும்பி, கடைசியில் ஒரு ஆய்விதழில் ஏற்கப்பட்டு, அச்சுக்கு முந்தைய மெய்ப்பாக வந்திருந்தது. இன்று மாலைக்குள் திருத்தங்களைச் சொல்லாவிட்டால் உள்ளது உள்ளபடியே வெளியாகிவிடும் என்று இதழிலிருந்து எழுதியிருந்தார்கள். கட்டுரையில் இன்னொரு பெயரும் உண்டு, அத்தையின் பழைய மாணவன். படித்த காலத்தில் போகிற இடமெல்லாம் பின்னாலேயே வந்ததால் அவனுக்கு வால் என்று பேர் வைத்திருந்தார். இப்போது அவனே பேராசிரியர், தலை நரைத்துவிட்டது, பேர் மட்டும் மாறவில்லை. வால் முழுவதையும் பார்த்துக் கொடுத்துவிட்டான். ஆனாலும் தானும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று அத்தைக்கு.

பார்க்கத்தான் முடியவில்லை. நோய் முதலில் வயிற்றில் இருந்தது, பிறகு கண்களுக்கு வந்தது. அதனால் கேட்பது என்று முடிவாயிற்று. மகன் ஏ.சி. மெக்கானிக். அம்மாவைத் தூக்குவான், புரட்டிப் படுக்கவைப்பான், தலை துவட்டிவிடுவான், மருந்துக்கு அலைவான். ஆனால் அந்தக் காகிதங்கள் பக்கம் மட்டும் வரமாட்டான். வந்தவள் மருமகள்.

அவளுக்குக் கணிதம் தெரியாது. கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவள். நாள் முழுக்க இருட்டறையில் உட்கார்ந்து, இதுல தெளிவா இருக்கா, அதுல தெளிவா இருக்கா என்று வில்லைகளை மாற்றி மாற்றிக் கேட்பது அவள் வேலை. ஒரே எழுத்தை ஓராயிரம் தடவை வாசிக்கக் கேட்டாலும் அலுக்காத காது அவளுக்கு. முதல் நாள் குறிகளின் பெயர் தெரியாமல் திணறியபோது அத்தைதான், பாக்க எப்படி இருக்கோ அப்படியே சொல்லு என்றார். அவள் சொன்னாள். பாம்பு, தொப்பி, திரும்பின மூணு, படுத்த எட்டு. இத்தனை வருஷம் பாடம் நடத்தியும் இதுக்கெல்லாம் இவ்வளவு லட்சணமா ஒருத்தரும் பேரு வைக்கலயே என்று சிரித்துச் சிரித்து அத்தைக்கு இருமல் வந்துவிட்டது.

நேற்றுவரை பேச்சு இருந்தது. இன்று காலை செவிலி வந்து பார்த்துவிட்டு மகனை வெளியே கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திப் பேசிவிட்டுப் போனாள். அதற்குள்ளாகவே பேச்சு விரலுக்கு இறங்கியிருந்தது. ஒரு தட்டு என்றால் சரி. இரண்டு தட்டு என்றால் மறுபடி வாசி. அத்தை மறுபடி கேட்ட இடத்திலெல்லாம் ஏதாவது ஒரு கோளாறு இருந்தது. ஓரிடத்தில் அச்சில் தொப்பி விழுந்துபோயிருந்தது. ஓரிடத்தில் கூட்டல், கழித்தலாகியிருந்தது. ஓரிடத்தில், வால் உட்பட எல்லோரும் பார்த்துத் தாண்டிப்போன பிழை, அத்தையே கையெழுத்தில் செய்தது. ஒவ்வொன்றையும் திருத்தப் பட்டியலில் ஏற்றும்போது அவளுக்கு மீன் பிடித்தது போல இருந்தது.

கொல்லையில் கணவன் குழாயைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தான். அது ஒழுகி மாதக்கணக்காகிறது. இன்றைக்கென்று அவனுக்கு அது பொறுக்கவில்லை. இரும்பில் இரும்பு மோதும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு கூச்சம் வந்தது. இந்த நாற்காலியில் இருக்க வேண்டியவன் அவன். அவன் இடத்தில் தான் உட்கார்ந்திருப்பதாகவும், எழுந்து கொடுக்க மனமில்லாமல் இருப்பதாகவும் தோன்றியது. அவள் பிறந்த வீட்டில் அவளை யாரும் எதையும் வாசிக்கச் சொன்னதில்லை. தான் வாயைத் திறந்து சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒருவர் மூச்சைப் பிடித்துக் காத்திருப்பது என்பது இந்த வயதில்தான் அவளுக்குக் கிடைத்தது.

கடைசிப் பக்கம். கடைசிக்கு முந்தைய பத்தியில் தனியாக நடுவில் நின்றது ஒரு வரி.

“பெரிய T, தலையில நட்சத்திரம். வலப்பக்கம் வாய் திறந்த குறி, கீழே கோடு. C. பக்கத்துல பின்னம், மேலே N, கீழே w. மறுபடியும் வாய், இந்தத் தடவை கோடு இல்ல. படுத்த எட்டு.”

இரண்டு தட்டு.

அவள் மறுபடி வாசித்தாள், இன்னும் நிதானமாக. திரையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் புள்ளி, கோடு எல்லாம் பார்த்தாள். அத்தையின் முகத்தில் ஒன்றும் இல்லை. விரல் இரண்டு முறை தட்டியது.

மூன்றாவது தடவை ஒவ்வொரு குறிக்கும் நடுவில் நிறுத்திச் சொன்னாள். எந்த இடத்தில் என்று விரல் காட்டிக்கொடுக்கும் என்று நம்பினாள். விரல் காத்திருந்தது. வரி முடிந்ததும் மெல்ல, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் நல்ல இடைவெளி விட்டு, இரண்டு.

“என்ன தப்பு அத்தை? C-யா? பின்னமா?”

அவள் நான்காவது தடவை தொடங்கினாள். படுத்த எட்டு என்று முடித்துவிட்டு விரலைப் பார்த்தாள். பிறகு போர்வையைப் பார்த்தாள். அது ஏறி இறங்கவில்லை. கொல்லையில் குழாய்ச் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கணவனைக் கூப்பிட்ட குரல் அவள் நினைத்ததைவிடச் சின்னதாக வந்தது. அது போதுமாக இருந்தது. அவன் கை ஈரமும் துருவுமாக வந்து கதவருகே நின்றான். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு என்று சட்டையில் நன்றாகத் துடைத்துக்கொண்டான். அதன் பிறகே அம்மாவின் நெற்றியைத் தொட்டான்.

“வலிச்சுதா?”

“இல்ல. கேட்டுக்கிட்டே இருந்தாங்க.”

மதியத்துக்குள் வீடு நிரம்பிவிட்டது. பக்கத்து வீட்டம்மா அடுப்படியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு தேநீர் போட்டபடி இருந்தாள். அத்தையின் தம்பி, வீட்டுக்குப் பெரியவராகிவிட்ட மாமா, நாற்காலியை முன்வாசலில் போட்டுக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் நோயை முதலிலிருந்து சொன்னார். சாயங்காலம் வண்டி வரும் என்றார். பழைய மாணவர்கள் வந்தார்கள், அவர்களுடைய பிள்ளைகளும் வந்தார்கள். எல்லோரும் செருப்பைக் கழற்ற வாசற்படியிலேயே நின்றார்கள். உள்ளே வருகிறவரும் வெளியே போகிறவரும் தோளோடு தோள் முட்டிக்கொண்டு, ஒருவருக்கொருவர் நீங்க போங்க என்று சொல்லி, இருவரும் போகாமல் நின்றார்கள். அத்தையின் கட்டுரையே இதைப் பற்றியதுதான். ஒரே கதவு, நிறைய ஆட்கள், எல்லோரும் வெளியே வர எவ்வளவு நேரம். முதலில் அனுப்பிய இதழ், இது எங்கள் வாசகர்களுக்கு ஆர்வமூட்டாது என்று திருப்பி அனுப்பியபோது, அவங்க வாசகருங்க எல்லாம் ஜன்னல் வழியா போறாங்க போல என்றார் அத்தை. அதை நினைத்து அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். எதிரில் இருந்தவர்கள் அழுகிறாள் என்று நினைத்து அவள் தோளைத் தொட்டார்கள்.

ஆனால் அந்த வரி அவளை விடவில்லை. கூட்டத்துக்கு நடுவில் மடிக்கணினியைத் திறந்து திறந்து பார்த்தாள். அத்தையின் பழைய கைப்படியோடு ஒப்பிட்டாள். அச்சு அசல் அப்படியேதான் இருந்தது. அப்படியென்றால் பிழை அச்சுக்கோப்பவருடையது அல்ல, அத்தையுடையது. கடைசி நிமிஷத்தில் அத்தை கண்டுபிடித்திருக்கிறார். சொல்ல வாய் இல்லை.

வால் பேருந்தில் வந்துகொண்டிருந்தான். அவள் அழைத்தபோதெல்லாம் இரைச்சலில் பாதிச் சொற்கள் கேட்கவில்லை. வந்துடறேன் அண்ணி, வந்துடறேன் என்பது மட்டும் கேட்டது.

“இப்பவாவது அதை மூடி வைக்கக் கூடாதா,” என்றார் மாமா, அவளிடம் இல்லை, பொதுவாக. பக்கத்து வீட்டம்மா அடுப்படியில் யாரிடமோ, பாவம், அதுக்கு அழத் தெரியல என்று சொன்னது காதில் விழுந்தது.

கணவன் அவளை உள்ளறைக்குக் கூப்பிட்டான்.

“வால் பாத்தாச்சில்ல. அனுப்பிடு.”

“அந்த வரியில ஏதோ இருக்குங்க.”

“உயிர் போற நேரத்துல கை ஆடும். அதுக்கு அர்த்தம் பாப்பாங்களா?”

“ஆடல. தட்டினாங்க. எனக்குத் தெரியும்.”

“சரி, தப்பாவே இருக்கட்டும். யாரு வந்து கேக்கப் போறா?”

அவளுக்குப் பதில் தெரியும். சொல்லத்தான் வரவில்லை. அத்தை இளம் வயதில் எழுதிய முதல் கட்டுரையில் ஒரு பிழை இருந்து, அடுத்த இதழில் பிழைதிருத்தம் என்று ஒரு சின்னக் கட்டத்தில் போட்டார்களாம். அதைப் பற்றிப் பேசும்போது இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அத்தையின் காது மடல் சிவக்கும். தப்புப் பண்றது பெருசு இல்ல கண்ணு, தப்புன்னு தெரிஞ்ச பிறகு நாமளே சொல்லிடணும், அதுக்குள்ள இன்னொருத்தன் சொல்லிடக் கூடாது என்பார். இனி அவரால் சொல்ல முடியாது. அவர் சொன்னதைக் கேட்ட ஒரே ஆள் அவள். அவளுக்கோ அது என்னவென்று விளங்கவில்லை.

“வால் வரட்டும்,” என்றாள். கணவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு முன்னறைக்குப் போய்விட்டான். கோபமாகப் போகவில்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

வெயில் சாயத் தொடங்கியபோது வால் வந்தான். தோள்பையைக் கழற்றாமலே அத்தையின் காலருகே போய் நின்றான். நின்றுகொண்டே இருந்தான். பையின் எடையில் ஒரு தோள் இறங்கியிருந்தது. அவள் போய்ப் பையை வாங்கிக்கொண்டபோதுதான் அவனுக்கு அழுகை வந்தது. அழுது முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். பிறகு கொல்லைப் படிக்கட்டுக்கு அழைத்துப் போனாள்.

அவன் திரையைப் பார்த்தான். உதடு அசைய ஒருமுறை வாசித்தான்.

“சரியாத்தானே இருக்கு அண்ணி.”

“இல்ல தம்பி. மூணு தடவை மறுபடி கேட்டாங்க. அவங்க மறுபடி கேட்ட இடத்துல எல்லாம் தப்பு இருந்துச்சு. நீங்க விட்டதைக்கூடப் பிடிச்சாங்க.”

“ஆமா,” என்றான். அவன் முகம் மாறியது. “மேடம் கேட்டாங்கன்னா சும்மா கேக்கமாட்டாங்க.”

பையிலிருந்து ஒரு பழைய உறையை எடுத்துப் பிரித்து, அதன் உட்புறத்தில் எழுதத் தொடங்கினான். அவள் கீழ்ப் படியில் உட்கார்ந்தாள். அவன் நிரப்பினான், அடித்தான், ஓரங்களில் நுணுக்கி எழுதினான், திருப்பிப் பிடித்துக் குறுக்கே எழுதினான். ஒருமுறை பேனாவை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். அவள் படியிலிருந்து பாதி எழுந்தாள். கண்ணைத் திறந்து, தான் எழுதியதை அடித்துவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்பினான். உள்ளேயிருந்து பேச்சும் கோப்பைகளின் சத்தமும் வந்துகொண்டிருந்தன. வண்டி கிளம்பிவிட்டதாம் என்று யாரோ யாருக்கோ சொன்னார்கள்.

“சரிதான் அண்ணி,” என்றான் கடைசியில். “வேற வழியிலயும் போட்டுப் பாத்துட்டேன். இதுல ஒண்ணும் இல்ல. நல்லா நிக்குது.”

அவள் தலையை ஆட்டினாள். நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். வெறுமையாக இருந்தது. அந்த வரி தவறாக இருக்க வேண்டும் என்று காலையிலிருந்து தான் ஆசைப்பட்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் அவளுக்கே புரிந்தது. தவறு என்றால், கடைசியாக அத்தை அவளிடம் ஒரு வேலை கொடுத்துவிட்டுப் போயிருப்பார். அதைச் செய்து முடிக்கலாம். செய்துகொண்டிருக்கும்வரை அத்தை இன்னும் அந்த அறையில் காத்துக்கொண்டிருப்பார்.

“அப்ப எதுக்கு மறுபடி மறுபடி கேட்டாங்க?”

வால் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தான்.

“இந்த வரி என்ன சொல்லுதுன்னு உங்களுக்குச் சொல்லியிருக்காங்களா?”

“நான் வாசிப்பேன். அவ்வளவுதான்.”

அவன் மெதுவாகச் சொன்னான். இந்தக் கணக்கு போடுகிறவர்கள் எல்லோரும் கூட்டத்தைத்தான் பார்ப்பார்கள். சராசரியாக ஒரு ஆள் வெளியே வர எவ்வளவு நேரம், பாதிப் பேர் வர எவ்வளவு நேரம். மேடத்துக்கு அது போதவில்லை. கடைசி ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றார். நட்சத்திரம் வைத்த T அந்தக் கடைசி ஆளுடைய நேரம். கட்டுரையைப் பரிசீலித்தவர்களில் ஒருவர், இந்தப் பகுதி தேவையில்லை, எடுத்துவிட்டால் கட்டுரை சுருங்கும் என்று எழுதினார். வாலுக்கும் அப்படித்தான் பட்டது. எடுத்துடலாமே மேடம், போன வருஷமே வெளிவந்திருக்கும் என்று சொல்லியும் பார்த்தான்.

“முடியவே முடியாதுன்னுட்டாங்க. எங்கிட்ட அப்படிக் கோபப்பட்டதே இல்ல. இதுக்காகவே ஒரு வருஷம் போச்சு. படுத்த எட்டுன்னு சொல்வீங்களாமே, அது முடிவிலி, அதைவிடச் சின்னதுன்னா, எவ்வளவு நெரிசலா இருந்தாலும், எவ்வளவு லேட் ஆனாலும், கடைசி ஆளும் கண்டிப்பா வெளிய வந்துருவான். அதான் அந்த வரி. வேற ஒண்ணும் இல்ல.”

கொல்லைக் கதவில் நிழல் விழுந்தது. கணவன் இரண்டு கையிலும் தேநீர்க் கோப்பையோடு நின்றிருந்தான். எப்போதிலிருந்து நிற்கிறான் என்று தெரியவில்லை. கோப்பைகளை நீட்டினான். வாங்கிக்கொண்டார்கள். அவன் உள்ளே போகாமல் மேல்படியில் உட்கார்ந்தான்.

“ஸ்கூல் விட்டதும் எல்லாப் பசங்களையும் யாராவது வந்து கூட்டிட்டுப் போயிடுவாங்க,” என்றான். யாரையும் பார்க்காமல், அவன் காலையில் முடுக்கிய குழாயைப் பார்த்துக்கொண்டு. “வாட்ச்மேனும் நானும் மட்டும் நிப்போம். அம்மாவுக்கு சாயங்காலமும் கிளாஸ் இருக்கும். கேட்டைப் பூட்டணும்ப்பா, உங்கம்மா வருவாங்களா மாட்டாங்களான்னு கேப்பாரு. வருவாங்கன்னு சொல்லுவேன்.”

வால் கோப்பையைக் கீழே வைத்தான்.

“வந்துடுவாங்க,” என்றான் கணவன். “ஓடி வருவாங்க. கையெல்லாம் சாக்பீஸ். அதோடயே என் கையைப் பிடிச்சுக்குவாங்க.”

அவளுக்கு ஏதோ சொல்ல வேண்டும் போலிருந்தது. என்ன சொன்னாலும் அது அவர்கள் இருவருக்கும் நடுவில் போய் நிற்கும் என்று தோன்றியது. தேநீர் ஆறிப்போயிருந்தது. குடித்தாள்.

முன்வாசலில் வண்டி நிற்கும் சத்தம் கேட்டது. மாமா யாரையோ வழிவிடச் சொன்னார். வால் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தான்.

“அனுப்பிடறேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் சேக்கணும்,” என்று சொல்லிவிட்டு நிறுத்தினான். முதல் பக்கத்துக்குப் போனான். தலைப்புக்குக் கீழே இரண்டு பெயர்கள், முதலில் அத்தையுடையது. கட்டுரை அச்சேறுவதற்குள் எழுதியவர் இறந்துவிட்டால் அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குறி போடுவார்கள், மீதியை இதழிலேயே அடிக்குறிப்பில் சேர்த்துக்கொள்வார்கள் என்றான். விரலை விசைமேல் வைத்தான். எடுத்துவிட்டான்.

“என்னால ஆகல அண்ணி.”

அவள் கையை நீட்டுவதற்குள் கணவன் ஒரு படி கீழிறங்கி அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்தான். சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டான்.

“எங்க போடணும்?”

“பேரு முடியற இடத்துல,” என்றாள் அவள். “ஒட்டினாப்புல. இடைவெளி விடாம.”

அவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அம்மாவின் பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தபடி கடைசி எழுத்துக்குப் போனான். வால் குறிகளின் பட்டியலைத் திறந்து ஒன்றைக் காட்டினான். நெட்டையாக ஒரு கோடு, மேற்பக்கம் குறுக்காக ஒன்று. பார்ப்பதற்கு எப்படி இருக்கிறதோ அப்படி ஒரு பேர் அவளுக்கு வரவில்லை. கணவன் அதை அழுத்தினான். பெயருக்குப் பக்கத்தில், எழுத்துகளுக்குச் சமமான உயரத்தில், அது பெரிதாக வந்து நின்றது.

“இவ்வளவு பெருசாவா?” என்றான்.

“இருங்கண்ணே,” என்று வால் கையை நீட்டி எதையோ தட்டினான். குறி சிறுத்து, மேலே ஏறி, கடைசி எழுத்தின் தோளில் உட்கார்ந்துகொண்டது.